சுற்றி வந்த தாழ்வாரம்

ஆக்சிஜன் இயந்திரத்தோடு பொருத்தியிருந்த பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. அவள் அதைக் கழற்றி, மாற்றுக் குப்பியை மாட்டிவிட்டு, காலிக் குப்பியோடு சமையலறைக்குப் போனாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோடு வரை வந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃப்ரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. கோடு என்றால் கோடுதான். ஒரு நூல் கூடினாலும் கை ஒப்புக்கொள்ளாது.

அறைக்குள்ளிருந்து நர்ஸ் பெண்ணின் குரல் வந்தது.

"அம்மா, வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க போல. வாசல்ல ரெண்டு ஜோடி செருப்பு கிடக்கு. ஒண்ணுல வார் அறுந்து ஊக்கு வேற குத்தியிருக்கு!"

அவள் ஈரக் கையோடு வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். ஒருத்தரும் இல்லை. நர்ஸின் வெள்ளை ஷூவும், அவளுடைய ரப்பர் செருப்பும், எட்டு மாதமாக யாரும் போடாமல் தூசி படிந்துபோன அவள் கணவருடைய தோல் செருப்பும்தான் கிடந்தன. மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். படியிலும் ஆள் இல்லை. திரும்பியபோது நர்ஸ் பெண் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டியபடி வெளியே வந்துகொண்டிருந்தாள். நாளைக்கு வருகிறேன் என்று கையாலேயே சொல்லிவிட்டு ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு போய்விட்டாள். ஊசி போடுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் இந்தப் பெண்ணுக்கு விளையாட்டுத்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

அறையில் அவர் விழித்திருந்தார். மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தத் திரைக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. கட்டிலின் கால்மாட்டில், அவர் முகத்துக்கு நேரே நிற்கும். அறைக்குள் வருகிறவர்களுக்கு அதன் கறுப்பு முதுகுதான் தெரியும். படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டிலைச் சுற்றிப் போய் அவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். தினமும் சாயங்காலம் அவருடைய நச்சரிப்புத் தாங்காமல் ஒரு தடவை போய் நிற்பாள். மற்ற நேரத்தில் அவளுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அவர் கட்டட வரைபடக்காரர். முப்பது வருடம் ஒரே மாதிரி இரண்டு படுக்கையறை வீடுகளாக வரைந்து தள்ளினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் மகள் இவர்கள் இருவரையும் ஜப்பானுக்கு அனுப்பிவைத்தாள். பத்து நாள். போய் வந்ததிலிருந்து மனிதருக்குப் பேச்செல்லாம் அதுவாகவே போயிற்று. காகிதக் கதவு, வைக்கோல் பாய் விரித்த அறை, தோட்டத்தைச் சுற்றி ஓடும் மரத் தாழ்வாரம். அவளுக்கு அந்தப் பயணத்தில் ஞாபகம் இருந்தது, காலெல்லாம் ஜில்லிட்டதும், முதல் நாளே செருப்பு வார் அறுந்து பத்து நாளும் ஊக்கைக் குத்திக்கொண்டு நடந்ததும்தான்.

அதைத்தான் அவர் படமாக்க ஆரம்பித்தார். அவர் வரைவதில்லை. இன்னது இப்படித்தான் வர வேண்டும் என்று சட்டங்களை மட்டும் சொல்வார். வேறு ஊரில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிற மகள் அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதித் தருவாள். கம்ப்யூட்டர் அந்தச் சட்டத்துக்குள் தாயம் உருட்டி, ஒவ்வொரு அறையாகத் தானே வரைந்துகொண்டு போகும். அடுத்த அறை எப்படி வரும் என்று அப்பாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ஆனால் சட்டமெல்லாம் அந்தப் பத்து நாளிலிருந்து வந்தவை. மழை பெய்தால் காகிதக் கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் ஒரு நாள் திறந்து போட்டுவிட்டு விடுதிக்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நாலு பாய்களின் மூலைகள் ஒரே இடத்தில் சேரக் கூடாது. துக்க வீட்டில்தான் அப்படி விரிப்பார்கள் என்று வழிகாட்டி சொல்லியிருந்தான். இந்தச் சட்டத்தால் சில அறைகளில் பாயை அடக்க முடியாமல் கம்ப்யூட்டர் அரை நாள்கூட அப்படியே உறைந்து நிற்கும்.

இப்போது ஓடுகிற வீடு, அவர் படுக்கையில் விழுந்த வாரம் தொடங்கியது. ஒரு வாசலிலிருந்து தாழ்வாரம் கிளம்பும். அதன் ஓரமாக அறைகள் முளைக்கும். தாழ்வாரம் திரும்பித் திரும்பி என்றாவது ஒரு நாள் கிளம்பிய வாசலுக்கே வந்து சேர்ந்தால் வீடு முடிந்தது. சேராமலும் போகலாம். தாயம்தானே.

"நடுவுல சேமிச்சு வைக்கலாம்ப்பா. கரண்ட் போனா எல்லாம் போயிடும்" என்று மகள் போனில் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"ஊருக்குப் போனா திரும்பி வரணும்" என்றார் அவர். அப்போது பேச்சு இருந்தது. "பாதியில நிறுத்தி முடிச்சுப் போட்டு வெச்சுட்டு அப்புறம் எடுத்துத் தொடர்றதுக்கு இது என்ன ஸ்வெட்டரா?"

"அப்ப சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தறேன். சீக்கிரம் வந்து சேர்ந்துடும்."

"அதுக்குப் பேரு கள்ளாட்டம்."

இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினார்கள். அதற்குமேல் அவர் இறங்கி வரவில்லை. பிறகு வாயில் முகக்கவசம் ஏறியது, பேச்சு நின்றது, நுரையீரல் மாதத்துக்கு ஒரு படி இறங்கியது. டாக்டர்கள் சொன்ன நாள் கணக்கையும் தாண்டி இழுத்துக்கொண்டு கிடந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. அவளுக்குத் தெரியும். அந்தத் தாழ்வாரம் வாசலுக்கு வர வேண்டும். அதற்குள் இவர் போய்விடக் கூடாது. அவளுக்கு இருந்த ஒரே கவலையும் அதுவாகவே ஆகிவிட்டது. கடையில் போட்ட விடுமுறை மூன்றாவது முறையாக நீண்டிருந்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு மனசு சொல்லும், வீடு முடியட்டும் முதலில் என்று இன்னொரு மனசு அதட்டும்.

அவர் விரலைத் தூக்கினார்.

"என்னங்க?"

விரல் திரையைக் காட்டியது. பிறகு கதவைக் காட்டியது. பிறகு தன் கால்களைக் காட்டியது.

"வாசக் கதவா? சாத்திட்டேன். யாரும் வரல."

இல்லை என்று தலை அசைந்தது. மறுபடி கால்.

"கால் ஜில்லுன்னு இருக்கா?" தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றுதான் இருந்தது. அலமாரியைத் திறந்து கம்பளிக் காலுறையை எடுத்து இரண்டு காலிலும் மாட்டிவிட்டாள். அவர் அந்தக் காலுறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கவசத்துக்கு மேலே கன்னம் உயர்ந்தது. சிரிக்கிறார்.

"சிரிப்பு என்ன வேண்டிக் கிடக்கு? மனுஷி இங்க லோல்பட்டுக்கிட்டு இருக்கேன்."

விரல் மறுபடியும் திரையைக் காட்டியது.

"சாயங்காலம் பாக்கறேன். துணி ஊறிக்கிட்டு இருக்கு. உங்க வீடு எங்க ஓடிடப் போகுது?"

அவர் விரலை இறக்கிக்கொண்டார். அதே கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடிக்கிற அளவுக்கு அதில் வலு இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"வேற என்ன வேணும்? சொல்லுங்க."

ஒன்றும் வேண்டாம் என்று தலையசைத்தார். இந்த எட்டு மாதத்தில் அவர் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. தலையணையை ஏற்று, தலையணையை இறக்கு, ஜன்னலைத் திற, ஜன்னலைச் சாத்து என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். தப்பித்தோம் என்று அவள் துணி துவைக்கப் போனாள்.

வெயில் தாழ ஆரம்பித்தபோது உலர்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய தம்பி அப்போதுதான் வந்து கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வாரத்தில் நாலு நாள் வருவார், அண்ணனை ஒரு நிமிடம் பார்ப்பார், செய்தித்தாளை ஒரு மணி நேரம் பார்ப்பார்.

அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்தபோது மூச்சு ஒன்று உள்ளே போனது. வெளியே வந்தது. அடுத்தது போகவில்லை. காத்திருந்தாள். இந்த மாதிரி இடைவெளி விட்டு விளையாடுவது அவருக்குப் பழக்கம்தான். உறையைக் கீழே வைத்தாள். அப்போதும் வரவில்லை.

"தம்பி" என்று கூப்பிட்டாள். "தம்பி, கொஞ்சம் இங்க வாங்க."

கொழுந்தனார் வந்து பார்த்தார். பதறிப் போய் மாடியேறி மேல் வீட்டு டாக்டரை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் பல் டாக்டர். வாசலிலேயே சொல்லிவிட்டார்: "நான் பல்லுதாங்க பாக்கறேன்." இருந்தாலும் உள்ளே வந்து, மணிக்கட்டைப் பிடித்து, கழுத்தைத் தொட்டு, இமையை விலக்கிப் பார்த்தார். எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கண்ணாடி அவள் கடையில் அவள் கையால் பொருத்தியது. "பெரிய டாக்டரைக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்குங்க. ஆனா... முடிஞ்சுடுச்சும்மா" என்றார்.

கொழுந்தனார் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆக்சிஜன் இயந்திரம் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. டக் என்று ஒரு தட்டு, உஸ்ஸென்று ஒரு மூச்சு. டக், உஸ்ஸ். வாங்கிக்கொள்ள ஆளில்லாத மூக்குக்குள் அது பாட்டுக்குக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. முகக்கவசத்தைக் கழற்றினாள். கவசத்தின் விளிம்பு கன்னத்தில் பதிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாள். பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியில் போகிற வயரைக் கையாலேயே தொடர்ந்து போய், சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டினாள்.

இயந்திரம் வீலென்று ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது.

எட்டு மாதம் கழித்து வீட்டில் சத்தம் இல்லை. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. கீழே யாரோ கார் கதவைச் சாத்துவது கேட்டது. அவள் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அப்பாடா என்று இருந்தது. வெளியே சொன்னால் இவளும் ஒரு பெண்டாட்டியா என்பார்கள். சொல்லாமல் இருந்தால் மட்டும் இல்லையென்று ஆகிவிடுமா? அவர் இனி இழுக்க வேண்டாம். அவளும் இனி ஒவ்வொரு மூச்சையும் காவல் காக்க வேண்டாம். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

அந்த லேசு அரை மணி நேரம்தான்.

அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்தார்கள். பெரிய டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கொழுந்தனார் கூடத்தில் நடந்தபடி ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அழுதார். அவள் சீப்பை எடுத்துக்கொண்டு, அவருக்குத் தலை வாரிவிட, கட்டிலைச் சுற்றித் தலைமாட்டுக்குப் போனாள். தினமும் சாயங்காலம் நிற்கிற இடம். பழக்கத்தில் தலை தானாக நிமிர்ந்தது.

திரை கறுப்பாக இருந்தது.

உள்ளே விளக்கு வெளிச்சமும், சீப்போடு அவள் உருவமும்தான் தெரிந்தன. என்ன ஏது என்று விளங்க ஒரு கணம் ஆயிற்று. ஆக்சிஜன் இயந்திரம், கட்டில் மோட்டார், கம்ப்யூட்டர், திரை எல்லாவற்றுக்கும் ஒரே போர்டு. எட்டு மாதமும் அந்தப் போர்டில் யாரையும் கைவைக்க விடாமல் அவள்தான் சண்டை போட்டிருக்கிறாள். வீடு கூட்ட வந்த பெண்ணிடம் சண்டை, கொழுந்தனார் போனுக்குச் சார்ஜ் போட வந்தபோது சண்டை. இன்வெர்ட்டர் எதற்கு? ஊர்க் கரண்ட் போனாலும் அணையாமல் காத்த வீட்டை வீட்டுக்காரியே அணைத்துவிட்டாள்.

ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டாள். இயந்திரம் டக், உஸ்ஸ் என்று மறுபடி கிளம்பியது. அதன் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டுத் திரையின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, இந்த நேரத்துல டிவி எதுக்கு?" என்றார் கொழுந்தனார், போனைக் கையால் மூடிக்கொண்டு. "நாலு பேரு வர்ற இடம்."

திரையில் வெளிச்சம் வந்தது. வெள்ளைப் பரப்பு. நடுவில் ஒரே ஒரு வாசல், வாசலிலிருந்து ஒரு முழம் தாழ்வாரம். எட்டு மாதத்து வீட்டைக் காணோம். புது வீடு ஒன்று ஒன்றுமே நடக்காதது போலத் தொடங்கிவிட்டது.

சாயங்காலம் பார்க்கிறேன் என்று சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. உங்க வீடு எங்க ஓடிடப் போகுது என்று கேட்டதும் வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்திருந்த பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்து அவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

ராத்திரி எப்படிப் போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. காலையில் மகள் வந்தாள். ரயிலில் வந்தவள் பையைக்கூட இறக்காமல் அப்பாவின் காலடியில் விழுந்து, அந்தக் கம்பளிக் காலுறையைப் பிடித்துக்கொண்டு ஓய்கிற வரை அழுதாள். ஓய்ந்ததும் அவள் மகளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன்டி" என்றாள். "அந்த மெஷின் சத்தம் தாங்காம போர்டை அணைச்சுட்டேன். உங்கப்பா வீடு போயிடுச்சு."

மகள் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டிடு. வாயை மூடிக்கிட்டு நிக்காத."

"எப்ப அணைச்ச? அப்பா போனதுக்கு அப்புறமா?"

"அப்புறந்தான். இருக்கும்போது அணைப்பேனா?"

"அதுவரைக்கும் ஓடிச்சா? கடைசியா படத்துல என்ன இருந்துச்சு?"

"நான் பாக்கல" என்றாள் அவள். சொல்லவே நாக்கு கூசியது. "முந்தாநாள் பாத்தப்ப தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு அறையில பாய் போட முடியாம நின்னுக்கிட்டு இருந்துச்சு. வாசல் எங்கயோ இருந்துச்சு, இது எங்கயோ இருந்துச்சு. நேத்து பாக்கல. அவரு பாரு பாருன்னு கையைக் காட்டினாரு. நான்தான் துணி துவைக்கப் போயிட்டேன். படத்தைக் காட்டினாரு, கதவைக் காட்டினாரு, காலைக் காட்டினாரு. கால் குளிருதாக்கும்னு சாக்ஸ் மாட்டிவிட்டேன்."

மகள் நிமிர்ந்தாள். "காலைக் காட்டினாரா?"

"ஆமா."

"கதவையும்?"

"ஆமாங்கறேன்ல. நர்ஸ் பொண்ணு வேற யாரோ வந்திருக்காங்க, வாசல்ல செருப்புக் கிடக்குன்னு விளையாடிட்டுப் போனா. அதைக் கேட்டுட்டுத்தான் கதவைக் காட்டறாருன்னு நெனச்சேன்."

"செருப்பா?" மகள் அவள் தோளைப் பிடித்துவிட்டாள். "என்ன செருப்பு? எத்தனை?"

"ரெண்டு ஜோடின்னா. ஒண்ணுல ஊக்குக் குத்தியிருக்குன்னா. நான் போய்ப் பாத்தேன், வாசல்ல ஒண்ணையும் காணோம்."

மகளின் முகம் ஒரு மாதிரி ஆனது. அழப்போகிறாளா, என்ன செய்யப்போகிறாள் என்று தெரியவில்லை. "அம்மா, நீ எந்த வாசல்ல போய்ப் பாத்த?" என்றாள்.

அவள் தெரு வாசல் இருக்கிற பக்கம் கையைக் காட்டினாள்.

"ஜப்பான்ல அந்தப் பெரிய பழைய வீட்டைச் சுத்திப் பாத்தீங்களே, ஞாபகம் இருக்கா? மழை பெய்ஞ்ச அன்னிக்கு?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. யாரோ ஒரு பிரபுவின் வீடு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, தாழ்வாரத்தில் அறை அறையாகச் சுற்றி வந்தார்கள். மரத்தரை பனிக்கட்டியாக ஜில்லிட்டது. அவளுக்குப் பசி வேறு. அவர் ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று நின்று உயிரை எடுத்தார். கடைசியில் சுற்றி முடித்து வாசலுக்கு வந்தபோது, இவர்கள் விட்டுப்போன செருப்பை யாரோ திருப்பி வைத்திருந்தார்கள், போகிற பக்கம் பார்த்து, காலை நுழைத்தால் அப்படியே நடக்கலாம் என்கிற மாதிரி. அவளுடைய ஊக்குக் குத்திய செருப்பைக்கூட வாரை ஒழுங்கு பண்ணி வைத்திருந்தார்கள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. முகம் தெரியாத யாரோ நம்மை வழியனுப்பத் தயார் பண்ணி வைத்திருக்கிறார்கள் பார் என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

"அதுதான் கடைசிச் சட்டம்" என்றாள் மகள். "தாழ்வாரம் வாசலுக்கு வந்து சேர்ந்தா மட்டுந்தான் செருப்பு வரும். ரெண்டு ஜோடி, வெளிய பாத்து. உன் செருப்புல ஊக்கு வேணும்னு அப்பா ஒரு வாரம் என்னைப் படுத்தி எடுத்தாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. வந்தா அவளே பாத்துக்கட்டும், வரலன்னா எதுக்கு ஆசை காட்டறதுன்னாரு."

அவள் கதவில் சாய்ந்துகொண்டாள். நம்பிவிட ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்ததாலேயே பயமாகவும் இருந்தது.

"நீ ஏதாவது கை வெச்சியா? நிஜத்தைச் சொல்லு. சீக்கிரம் வரட்டும்னு சட்டத்தைக் கிட்டத்தைத் தளர்த்தினியா?"

"வைக்கணும்னு பத்து தடவை நெனச்சேம்மா. உன்னை நெனச்சாலே வைக்கணும்போல இருக்கும். வைக்கல. அப்பா கண்டுபிடிச்சுடுவாரு."

நர்ஸ் பெண் ஒன்பது மணிவாக்கில் வந்தாள். வழக்கமான வெள்ளை உடுப்பு இல்லாமல் வேறு உடையில் வந்திருந்தாள். அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றுவிட்டுத் திரும்பியவளை மகள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துவந்தாள்.

"நேத்து காலையில ஏதோ செருப்புன்னு சொன்னீங்களாமே?"

அந்தப் பெண் பயந்துவிட்டாள். "சும்மா விளையாட்டுக்குத்தாங்க சொன்னேன். சார் சிரிக்கட்டும்னு. தப்பா எடுத்துக்காதீங்க."

"எங்க பாத்தீங்க செருப்பை?"

"படத்துலதான். அந்த வீட்டு வாசல்ல. நான் வரும்போதெல்லாம் வாசல் காலியா இருக்கும், நேத்து ரெண்டு ஜோடி கிடந்துச்சு. சார் என் கையைத் தட்டித் தட்டிக் காட்டினாரு. ஒண்ணுல சின்னதா ஊக்கு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவு சந்தோஷமா நான் அவரைப் பாத்ததே இல்லைங்க. அதான் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்."

"எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?" இதைக் கேட்டது அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

நர்ஸ் பெண் யோசித்தாள். கையை நீட்டி, கூடத்தைத் தாண்டி, திறந்து கிடந்த தெருக் கதவைக் காட்டினாள். "வெளிய பாத்து."

மகள்தான் முதலில் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "சாக்ஸ் மாட்டிவிட்டியேம்மா" என்றாள். "மனுஷன் வீடு கட்டி முடிச்சுட்டேன், வந்து பாருங்கறாரு, நீ சாக்ஸ் மாட்டிவிட்டிருக்க."

"நான் என்னத்தைக் கண்டேன்!" என்றாள் அவள். அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. கன்னம் உயர்ந்து அவர் சிரித்ததன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. ஒன்றும் வேண்டாம் என்று தலையசைத்ததும் புரிந்தது. நிஜமாகவே ஒன்றும் வேண்டாம்தான். அம்மாவும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

கொழுந்தனார் எட்டிப் பார்த்தார். "ஊரே பாக்குது அண்ணி" என்றார் அடிக்குரலில். "அழுதா தேவலை."

"அழறோம் தம்பி" என்றாள் அவள். "இதோ அழறோம்."

மத்தியானத்துக்கு முன்பே எல்லாம் முடிந்தது. வண்டி வந்தது, அவரைக் கொண்டுபோனார்கள், போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்து குளித்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கொழுந்தனார் சோபாவிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். அவள் அறைக்குள் போய்க் கட்டிலைச் சுற்றி நடந்து தலைமாட்டில் நின்றாள். நேற்றுத் தொடங்கிய புது வீடு அதற்குள் மூன்று அறை வளர்ந்திருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. காகிதக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பாய்களின் மூலைகளைப் பார்த்தாள். நாலு மூலை எங்கேயும் சேரவில்லை.

"இதை என்னம்மா பண்றது?" என்றாள் மகள், பின்னால் வந்து நின்றபடி.

"இது யாரு வீடோ. அவரு வீடு முடிஞ்சுது." குனிந்து போர்டில் கைவைத்தாள். "அணைக்கட்டுமா?"

"அணைம்மா."

அணைத்தாள். எதுவும் கத்தவில்லை.

சாயங்காலம் வாடகைக் கம்பெனியிலிருந்து கட்டிலையும் இயந்திரத்தையும் எடுத்துப்போக ஆள் வந்தார். தடித்த ஆள், வியர்த்துப்போயிருந்தார். வாசலில் நின்று, கனமான கறுப்பு ஷூவை ஒரு காலால் மறு காலை மிதித்துக் கழற்றினார். ஒன்று மூலையில் போய் விழுந்தது, மற்றது கவிழ்ந்தது. துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல், "வயர் எல்லாம் உங்களுதா, எங்களுதா?" என்று கேட்டார்.

"கறுப்பு உங்களுது. வெள்ளை எங்களுது" என்றாள் மகள்.

அவர் திருகாணியைக் கழற்றுகிற சத்தம் அறைக்குள்ளிருந்து வந்தது. கட்டிலின் பக்கக் கம்பியை முதலில் எடுத்து வந்து வாசலுக்கு வெளியே சாத்தினார். பிறகு மெத்தை. பிறகு இயந்திரம், சக்கரத்தில் உருண்டுகொண்டு. மகள் அவருக்குத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். அவர் கடைசித் துண்டுகளை எடுக்க உள்ளே போயிருந்தபோது அவள் வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். மூலையில் கிடந்த ஷூவை எடுத்தாள். கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தினாள். கயிறு நாக்குக்குள் சிக்கியிருந்ததை வெளியே இழுத்துவிட்டாள். இரண்டையும் சேர்த்து, நேராக, படியைப் பார்த்து வைத்தாள். ஒன்று ஒரு நூல் முன்னால் இருந்தது. சரிசெய்தாள்.

அவர் கட்டில் சட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். இரண்டு கையும் வேலையில் இருந்தன. கீழே பார்க்க வழியில்லை. காலால் தடவினார். ஒரு கால் உள்ளே போனது, மறு காலும் போனது.

"வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.